தாக்கோலை யாருக்கும் குடுக்காத

சேசு மரி சூசை

24-9-2013, செவ்வாய்க்கிழமை

எனக்க அன்பு மக ஸ்மிதாவுக்கு அம்மை எழுதுதது. இங்க எனக்கும் அப்பாவுக்கும் உனக்க அண்ணன் பெனின் குடும்பத்துக்கும் மாதாவுக்க கிருபையில ஒடம்புக்கு ஒரு கேடும் இல்ல. குவைத்துல உனக்க ஒடம்பும் அப்பிடியே சொகமா இருக்கணும்னு பூசைக்குப் போகும்போல்லாம் வேண்டுதேன். மனசு சொகமான்னு நான் கேக்கல, அது என்ன கோலத்துல கிடக்கும்னு பெத்தவளுக்குத் தெரியாதா. நீ எனக்க போன எடுக்கமாட்டேங்குத, அதனாலதான் இந்தக் கடிதாசு. நம்ம மத்தியாஸ் லீவு முடிஞ்சு நாளைக்கு அங்க வாறான், வியாழக்கிழமைக்குள்ள உனக்க ஆஸ்டலுக்கே வந்து கையில தாறேன்னு மாதா மேல சத்தியம் பண்ணியிருக்கான். கூட நெத்திலிக் கருவாடும் கொஞ்சம் வறுத்த தேங்காத் துவையலும் குடுத்து விட்டிருக்கேன். கருவாட்டப் பெறவு பிரிக்கலாம், முதல்ல இத வாசி. பாதியில கோவம் வந்து மடக்கி வச்சிராத, நீ எனக்க வயித்துல பெறந்தவ, உனக்குக் கோவம் எங்கேருந்து வந்துதுன்னு எனக்குத் தெரியும்.

நேரா விஷயத்துக்கு வாறேன். உனக்குத் தாலி கெட்டப் போற ஆன்ட்ரூசுக்கு உனக்க பேஸ்புக் பாஸ்வேர்ட சனிக்கிழம தாறேன்னு மெசேஜ் போட்டிருக்கியாம். அம்மைக்கு எடுக்க நேரமில்லாத போனு அவனுக்கு மெசேஜ் போட மட்டும் வேலை செய்யுது, அது கிடக்கட்டும், அந்த வருத்தத்த நீ லீவுக்கு வரும்போ தீத்துக்கிடுதேன். இப்பம் நான் சொல்லுதது ஒண்ணுதான். குடுக்காத. ஏன்னு கேப்ப, சொல்லுதேன். நீ அங்க இருந்து பாதி கேட்டு மீதிய நினைச்சு நினைச்சு அழுதுகிட்டிருப்ப, அதனால நடந்தத மொதல்லேருந்தே சொல்லுதேன் கேளு.

ரெண்டாவது ஓலை வாசிச்ச ஞாயித்துக்கிழம, சாமியார் பூசையில உனக்க பேரையும் ஆன்ட்ரூசுக்க பேரையும் வாசிச்சு, இந்தக் கலியாணத்துக்குத் தடை ஏதும் தெரிஞ்சவங்க பங்குச் சாமியாருக்கு அறிவிக்கணும்னு வழக்கம்போல சொன்னாவ. கெட்டப் போற எல்லாருக்கும் மூணு ஞாயிறு வாசிக்குததுதானே, நான் பெருமையா தலைய நிமித்திக்கிட்டு முன்வரிசையில உக்காந்திருந்தேன். பூசை முடிஞ்சு வெளிய வரும்போ சாமியார் ஆள விட்டு விளிச்சாவ. மேசையில ஒரு கவரு, உள்ள கம்ப்யூட்டர்ல அடிச்சு எடுத்த ஒரு போட்டோ. நீயும் ஒரு பையனும் தோளோட தோளு ஒட்டி நின்னு கேக்கு வெட்டுதிய. இந்தப் பொண்ணுக்கு அங்க ஏற்கெனவே ஆளு உண்டுன்னு கீழ எழுத்து. அனுப்புனவன் பேரு இல்ல, ஊரு இல்ல. அதே கவரு இனயம் ஊருல ஆன்ட்ரூசுக்க வீட்டுக்கும் போயிருக்குன்னு மறுநாள் தெரிஞ்சுது. அந்த வேகத்துலதான் உனக்கு விளிச்சேன், நான் கத்தினேன், நீயும் கத்தின. நீ சொன்னதுல ஒண்ணு எனக்குக் காதுலயே நிக்குது. அந்தப் படத்த நான் பிரண்ட்ஸ் மட்டும் பாக்குத மாதிரி பூட்டித்தான் வச்சிருந்தேன், வெளியாளு ஒருத்தனும் பாக்க முடியாது, நம்ம ஊருக்காரங்கதான் எனக்குக் குழி தோண்டியிருக்காவன்னு சொன்ன. சொல்லிட்டு போன வச்ச, பேஸ்புக்கையும் மூடிட்ட. நீ சொன்னதுல நியாயம் இருக்கேன்னு எனக்குப் பட்டுது. பூட்டின வீட்டுக்குள்ளேருந்து சாமான் போச்சுன்னா கள்ளன் உள்ளதானே இருக்கணும்.

உனக்க மயினி, பெனினுக்க பெண்டாட்டி டெல்சி தக்கலையில அந்த ஜெராக்ஸ் கடையில கம்ப்யூட்டர் வேலை பாக்குதால்லா, சந்தையில மீன் வித்து முடிச்சு வெறும் சட்டியோட நேரா அவகிட்டப் போய் உக்காந்தேன். கடைக்காரர் மூக்கப் பொத்தினாரு, பொத்திக்கிட்டு இருக்கட்டும்னு நான் எழும்பல. டெல்சி அவளுக்க பேஸ்புக்கத் திறந்து பிரண்ட்ஸ் உள்ள பக்கத்த ஒவ்வொரு ஆளா காட்டிக்கிட்டே வந்தா. எல்லாம் நம்ம பங்கு ஆளுங்க, தெரிஞ்ச முகங்க. நடுவுல பாத்தா நம்ம குருசடி அந்தோணியார், கழுத்துல மாலையும் கையில பாலன் இயேசுவுமா இருக்காரு. இது யாருட்டின்னு கேட்டேன். நம்ம கோயிலுக்க பேஸ்புக்கு மாமின்னா. கோயில்ல யாரு நடத்துதான்னேன், அவளுக்குத் தெரியல. கமிட்டியில உள்ள செல்வதாசிட்ட கேட்டா, இளைஞர் இயக்கத்துப் பயலுவளா இருக்கும்னாரு. அவனுவகிட்ட கேட்டா, சாமியார்தான் நடத்துதாவன்னு நினைச்சோம்னானுவ. சாமியார்கிட்டயே கேட்டேன், அவிய என்னைப் பாத்து மிழிச்சு, கமிட்டி நடத்துதுன்னுல்லா நானும் அதுல பிரண்டா சேந்தேன்னாவ. எப்பிடி இருக்கு பாத்தியா! குவைத்துலயும் கத்தாருலயும் கொச்சியிலயும் உள்ள நம்ம ஊரு ஆளு அத்தனை பேரும் அந்தோணியாருக்க முகத்தப் பாத்து வாங்க வாங்கன்னு கதவத் திறந்து விட்டிருக்கோம். அந்தோணியார் பிரண்டா சேக்கச் சொல்லிக் கேட்டா நம்ம ஊருல எவன் மாட்டேன்னு சொல்லுவான்? செவ்வாக்கிழம தோறும் ஒரு படம் போடுவானாம், கீழ எல்லாரும் ஆமென் ஆமென்னு எழுதுவியளாம், நீயும் எழுதுவன்னு டெல்சி சொன்னா. தொலைஞ்ச சாமானத்தக் கண்டுபிடிச்சுத் தருத புனிதருக்க வேசத்துல ஒரு களவாணிப் பய, ஒவ்வொரு வீட்டுப் பொம்பளப் பிள்ளை படத்தையும் உக்காந்து பாத்துக்கிட்டு இருந்திருக்கான். நீ பூட்டினது நல்ல பூட்டுதான் மக்கா, கள்ளன உள்ள வச்சுல்லா பூட்டியிருக்க.

அந்தக் கேக்கு போட்டோவுக்க முழுப்படத்தக் கண்டுபிடிக்க நாங்க பட்ட பாடு கொஞ்சம் இல்ல. நீ பேஸ்புக்க மூடினதால உனக்கதுல ஒண்ணும் பாக்க வழியில்ல. பெறவு டெல்சிக்குத்தான் ஓர்மை வந்துது, உனக்க கூட ஆஸ்டல்ல இருக்குத ஜெஸ்மி, அவளும் அந்தப் பார்ட்டியில இருந்திருப்பாளேன்னு. தேடிப் பாத்தா அந்தப் பிள்ளை ஒண்ணையும் பூட்டல, ஊரு ஒலகம் பாக்க எல்லாம் திறந்து போட்டிருக்கு, அவளுக்க பேரு தெரியாத கள்ளன் அங்க போயிருக்கமாட்டான். அவளக் கண்டா நான் சத்தம் போட்டேன்னு சொல்லு, எனக்க முத்தமும் குடு, ஏன்னா அங்கதான் முழுப்படமும் கிடந்துது. உங்க பெரிய நர்சம்மாவுக்க பிறந்தநாளு, இந்தப் பக்கம் மூணு பேரு, அந்தப் பக்கம் மூணு பேரு, நடுவுல நீயும் கூட வேலை பாக்குத அந்த மலையாளத்துப் பையனும் கேக்குக்கு முன்னால. ரெண்டு பக்கத்தையும் நறுக்கி எறிஞ்சிருக்கான் சவத்துப் பய. தலையையும் வாலையும் வெட்டி எறிஞ்சிட்டு நடுத்துண்ட மட்டும் தட்டுல வச்சா அது என்ன மீனுன்னு யாருக்குத் தெரியும். அத அப்பிடியே அடிச்சு எடுத்துக்கிட்டுப் போய் சாமியாருக்க மேசையில வச்சேன். அவிய பாத்துட்டு, தடை ஒண்ணும் இல்ல, நிறுத்தி வச்ச மூணாவது ஓலைய இனி வாசிக்கலாம்னு சொல்லி, இனயத்துச் சாமியாருக்கும் அவியளே விளிச்சுச் சொன்னாவ. டெல்சியும் அவளுக்க கூட்டுக்காரிகளும் சேந்து ரிப்போர்ட்டு அடிச்சாளுவ, அந்த அந்தோணியாரு காணாமப் போனாரு. எவன்னு இன்னும் தெரியல. தெரிஞ்ச அன்னைக்கு அவனுக்கு இருக்கு, நான் மீன் வெட்டுத கத்திய மழுங்க விடல.

இதோட தொல்லை ஒழிஞ்சுதுன்னு நினைச்சேன். ஆன்ட்ரூசுக்க அம்மை வந்தா. காப்பி குடுத்தேன், குடிச்சா. படம் பொய்தான்னு ஒத்துக்கிட்டா, இல்லேங்கல. ஆனாலும் நெருப்பில்லாம புகையுமான்னு ஆரம்பிச்சா. பிள்ளை பாஸ்வேர்ட எனக்க மவன்கிட்ட குடுக்கட்டும், அவன் ஒருதடவ உள்ள போய்ப் பாத்துட்டான்னா எங்களுக்கும் ஒரு சமாதானம், நாளைக்கு நாலு பேரு கேட்டா பதில் சொல்லலாமேன்னு சொன்னா. எனக்கு வந்த வெப்ராளத்துக்கு அந்தக் காப்பி டம்ளர அங்கேயே பிடுங்கியிருப்பேன். உனக்க அப்பா முந்திக்கிட்டு, மடியில கனமில்லேன்னா வழியில என்ன பயம், பிள்ளை குடுக்கும்னு சொல்லிட்டாவ. மடியில கனமில்லேன்னு காட்டுததுக்கு நடுரோட்டுல நின்னு மடிய அவுத்துக் காட்டணுமான்னு நான் கேட்டேன். அன்னையிலேருந்து அப்பா எங்கிட்ட சரியா மிண்டிப் பேசுதது இல்ல. நான் வச்ச மீன்கறிய மட்டும் தின்னுதாவ. அவிய கெட்ட எண்ணத்துல சொல்லல மக்கா, உனக்க கலியாணம் நின்னு போவுமோன்னு பேடிச்சுப் போயிருக்காவ. கோயில்ல ரெண்டு ஓலை வாசிச்சப் பெறவு நின்னா ஊருல உள்ள வாய மூட முடியாதுன்னு அவியளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். சந்தையில மீன் வாங்க வாறவ முதல்ல மீன் வெலைய கேக்கல, உனக்க கலியாணம் என்னாச்சுன்னுதான் கேக்குதா.

அம்மைக்காரி பேசினது அவளோட போவட்டும், கெட்டப் போறவன் என்ன சொல்லுதான்னு அவன் வாயாலயே கேப்போம்னு இருந்தேன். ஆன்ட்ரூஸ் கொச்சியிலேருந்து ஆழ்கடலுக்குப் போன மீன்பிடிப் போட்டு ஞாயித்துக்கிழம கரைக்கு வந்துது. அவன் வீட்டுக்கு வந்துட்டான்னு கேள்விப்பட்டு நேத்து நான் தனியா இனயத்துக்குப் போனேன். நல்ல மரியாதையாத்தான் பேசினான், நாற்காலி எடுத்துப் போட்டான். ஸ்மிதா மேல எனக்குச் சந்தேகம் ஒண்ணும் இல்ல மாமின்னான். எனக்க நெஞ்சுலேருந்து ஒரு கல்லு எறங்குன மாதிரி இருந்துது. அப்பம் உனக்க அம்மைகிட்ட பாஸ்வேர்டு வேண்டாம்னு சொல்லு மோனேன்னேன். அதுக்கு அவன் சொல்லுதான், அம்மைக்க சமாதானத்துக்கு ஒருதடவ பாத்தா என்ன மாமி, மறைக்க ஒண்ணும் இல்லாதவளுக்கு என்ன கஷ்டம், ஸ்மிதாவே சனிக்கிழம தாறேன்னு சொல்லிட்டாளேன்னு. நீ சொன்னது எனக்கு அங்க வச்சுதான் தெரியும். முகத்துல அறைஞ்ச மாதிரி ஆச்சு. சரி மோனே, அப்பம் உனக்கத ஸ்மிதாவுக்குக் குடு, அவளும் ஒருதடவ பாக்கட்டும், எனக்கும் சமாதானமா இருக்கும்லான்னு கேட்டேன். சிரிச்சான். ஆம்பளையளுக்க பேஸ்புக்குல என்ன மாமி இருக்கப்போவுது, கூட்டுக்காரனுவ கண்டதையும் அனுப்புவானுவ, அதெல்லாம் பொம்பளைய பாக்க ஆவாதுன்னான். நான் எழும்பி வந்துட்டேன். பஸ்சுல வரும்போ சன்னலப் பாத்து உக்காந்துக்கிட்டு வந்தேன், பக்கத்துல இருந்தவ என்ன அக்கா கண்ணுல தூசியான்னு கேட்டா.

இப்பம் ஒரு காரியம் சொல்லுதேன், மனசுல வச்சுக்க. வீட்டுக்கு வந்து டெல்சிகிட்ட நடந்ததச் சொன்னேன். அவ கேட்டுட்டு, சும்மா சொல்லுத மாதிரி, ஸ்மிதா பாஸ்வேர்டு குடுத்தான்னா நாமளும் அத அவகிட்ட கேட்டு வாங்கலாம்லா மாமி, அவிய பாக்குததுக்கு முன்ன நாம ஒருதடவ பாத்துட்டா என்னன்னா. மக்கா, நான் பொய் சொல்லமாட்டேன், எனக்கு ஆசை வந்துது. நீ யாருகிட்ட என்ன பேசுத, எங்களப் பத்தி என்ன சொல்லுத, அந்த மலையாளத்துப் பையன் உனக்கு என்ன எழுதுதான், நீ அவனுக்கு என்ன எழுதுத, எல்லாம் பாக்கணும்னு நாக்கு ஊறுன மாதிரி மனசு ஊறிச்சு. உன்ன நம்பாததால இல்ல. பாக்கலாம்னு ஒருத்தி சொன்னா பாக்கணும்னு தோணுது, அவ்வளவுதான். ஒருதடவ பாத்தா மறுதடவ பாக்கணும்னு தோணும், பெறவு தினமும் தோணும். அப்பம்தான் எனக்கு ஒரேயடியாப் பேடி புடிச்சுது. பெத்து வளத்த எனக்கே இப்பிடி ஆசை வருதுன்னா, ஆன்ட்ரூசுக்க அம்மைக்கு ஒருதடவையோட அடங்குமா? இன்னைக்குப் படம், நாளைக்கு யாருக்கு மெசேஜ் போட்ட, மறுநாளு ஏன் அண்ணன்கிட்ட அவ்வளவு நேரம் பேசினன்னு கேப்பா. வயசுக்கு வந்ததுலேருந்து நீ பாவசங்கீர்த்தனக் கூட்டுல முட்டுபோட்டு சாமியார் காதுல எத்தனையோ சொல்லியிருப்ப, என்ன சொன்னன்னு நான் ஒருநாளாவது கேட்டிருக்கேனா? கேட்டாலும் எந்தச் சாமியாராவது சொல்லுவாவளா? அது உனக்கும் கடவுளுக்கும் உள்ளது. உனக்க ஜெஸ்மி அவளுக்க வீட்டுச் சங்கடத்த உனக்கு எழுதியிருப்பா, கூட வேலை பாக்குதவ யாராவது அவளுக்க சீக்க உங்கிட்ட சொல்லியிருப்பா. அதையெல்லாம் இனயத்துல உக்காந்து ஒருத்தி வாசிக்கணுமா? அந்தப் பிள்ளைகளுக்க ரகசியத்தக் குடுக்க உனக்கு என்ன அதிகாரம் இருக்கு? பாஸ்வேர்டுங்குதது வீட்டுத் தாக்கோலு மாதிரி. பூட்டத் திறந்து உள்ள வந்தவ பாத்துட்டு மட்டும் போவமாட்டா. உனக்க பேருல அவளே எழுதலாம், நீ எழுதினதுன்னுதான் ஊரு நம்பும்னு டெல்சி சொல்லுதா.

அதனால நான் இன்னைக்குக் காலையில குருசடிப் பூசை முடிஞ்சதும் சாமியார்கிட்டப் போய், வாற ஞாயித்துக்கிழம மூணாவது ஓலைய வாசிக்காதீங்கன்னு சொல்லிட்டேன். அவிய பேனாவக் கீழ வச்சிட்டு என்னையே பாத்தாவ. ஒரு ஓலையக் கொறச்சுத் தாங்கன்னு கேட்டு வாறவங்களத்தான் கண்டிருக்கேன் குளோரி, நிறுத்தச் சொல்லி வந்த தாய இன்னைக்குத்தான் காணுதேன்னாவ. அவன் கெட்டவன் இல்ல சாமி, குடியில்ல, கடல்ல பாடுபடுதவன், எனக்கும் அவன் வேணும்தான், ஆனா எனக்க மக தாக்கோலக் குடுத்துட்டு அந்த வீட்டுக்குப் போவவேண்டாம்னு சொன்னேன். சொல்லும்போ அழுகை வந்துட்டு, அதுல எனக்கு வெக்கம் ஒண்ணும் இல்ல. ஸ்மிதா தானே விளிச்சு வாசிங்கன்னு சொன்னா வாசிக்கேன், அதுவரை நிறுத்தி வைக்கேன்னு சாமியார் சொல்லியிருக்காவ. அவிய நம்பர் இதுக்குப் பின்பக்கம் எழுதியிருக்கேன். அப்பாகிட்ட மத்தியானம் சொன்னேன். அவிய எழும்பி கடக்கரைக்குப் போனாவ, இன்னும் வரல. வந்ததும் என்ன நடக்கும்னு தெரியாது. நடக்குதது நடக்கட்டும்.

கலியாணம் வேணுமா வேண்டாமான்னு முடிவு சொல்லுததுக்கு நான் இத எழுதல மக்கா. அது நீ சொல்ல வேண்டியது. ஆன்ட்ரூசுக்கு நீயே விளி. பாஸ்வேர்டு தரமாட்டேன், என்ன நம்பினா தாலி கெட்டு, நம்பலேன்னா விட்டுருன்னு உனக்க வாயால சொல்லு. தந்தி அடிச்ச மாதிரி மெசேஜ் போடாத, குரல்ல சொல்லு, அவன் குரல்ல என்ன வருதுன்னும் கேளு. சரின்னு மனசோட சொன்னான்னா சாமியாருக்கு விளிச்சு ஓலைய வாசிக்கச் சொல்லு, நான் முன்வரிசையில போய் உக்காருதேன். இல்லேன்னா அந்த ஞாயித்துக்கிழம மத்த பிள்ளைகளுக்க பேர வாசிக்குதத நான் அதே முன்வரிசையில உக்காந்துதான் கேப்பேன், எவ என்ன பாத்தாலும் சரி.

பயந்து போய் நீ பேஸ்புக்க மூடி வச்சா அது அழிஞ்சு போவாதாம், மறுபடி நுழைஞ்சா அப்பிடியே இருக்குமாம். அதனால டெல்சி சொல்லச் சொன்னா, ஒருதடவ உள்ள போய் பாஸ்வேர்ட மாத்து, உனக்க பிறந்தநாளும் எனக்க பேரும் சேத்து வைக்காத, அத எவனும் கண்டுபிடிச்சிருவான். ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்லயும் ஜெஸ்மிக்க கம்ப்யூட்டர்லயும் நீ திறந்து போட்டதெல்லாம் ஒரே இடத்துலேருந்து மூடுததுக்கு வழி இருக்காம், மூடு. வேத்து இடத்துலேருந்து யாராவது நுழையப் பாத்தா உனக்க போனுக்கு நம்பர் வருத மாதிரி ஒண்ணு உண்டாம், அதையும் போடு. வேற ஆளு உனக்க பேரு சேத்துப் போடுத படம் உங்கிட்ட கேட்டப் பெறவுதான் வரணும்னு வை. பிரண்ட்ஸ் எல்லாரையும் உக்காந்து ஒவ்வொண்ணா பாரு, நேருல கண்டா பேசுத ஆளு இல்லேன்னா எடுத்துப்போடு. மாதா படம், குருசு, திருநாளுக் கொடி, என்ன முகம் போட்டு வந்தாலும் யாருன்னு கேக்காம சேக்காத. மாதாவுக்கு உங்கிட்ட வரணும்னா பேஸ்புக்கு வேண்டாம்.

வேற விசேஷம், பெனினுக்க வள்ளத்து எஞ்சினு மறுபடியும் மக்கர் பண்ணுது, கரையிலதான் நிக்கான். டெல்சிக்கு இது அஞ்சாம் மாசம், சாளை மீன் மணம் கேட்டாலே ஓங்கரிக்குதா, ஆனாலும் உனக்காக கம்ப்யூட்டர் முன்னால உக்காந்து உக்காந்து இடுப்பு வலின்னு படுத்துக் கிடக்கா, அவளுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லு. அங்க வெயில்ல தலை காயாம எண்ண வை, ராத்திரி டூட்டி முடிஞ்சு வெறும் வயித்தோட படுக்காத. உனக்க சிரிப்பு இருக்குத அந்த முழுப்படத்த நான் டெல்சிகிட்டச் சொல்லி பெருசா எடுத்து வச்சிருக்கேன், எட்டு பேரும் இருக்காவ, அதுல ஒருத்தரையும் நான் வெட்டமாட்டேன்.

ஆண்டவர் உனக்க நெத்தியில குருசு வரைஞ்சு உன்னக் காக்கட்டும், மாதா உனக்க பக்கத்துலயே நிக்கட்டும். இத வாசிச்சு முடிச்ச உடனே எழும்பி பாஸ்வேர்ட மாத்து, அதுக்குப் பெறவு யாருக்கு வேணும்னாலும் விளி. மாத்தினத எங்கிட்டயும் சொல்லாத. நான் கேட்டாலும் சொல்லாத.

இப்படிக்கு
உன்ன நம்புத அம்மை
சி. குளோரி